உழைக்க இயலாதவருக்கும் முழுப் பங்கு: கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்)

அய்யம்பாளையத்துக்கு நாம் போனது தேங்காய் வாங்க. திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. சுற்றிலும் தென்னந்தோப்புகள். மதரஸா ஆண்டு விழாச் சமையலுக்கு மொத்தமாக வாங்கினால் விலை கொஞ்சம் குறையும் என்று நிர்வாகி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

களத்தில் காய்களைத் தரம் பிரித்து எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்பு மரம் ஏறிக் காய் வெட்டியவர். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததோடு அந்தத் தொழில் முடிந்துவிட்டது. நிர்வாகியின் கையில் ஃபைல் இருந்ததைப் பார்த்ததும், அவர் கணக்கு நோட்டைச் சட்டென்று சாக்குக்கு அடியில் தள்ளினார். எங்களை விசாரணைக்கு வந்த அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார். அரசு கொடுக்கும் மாத உதவித்தொகையை, இவர் உட்கார்ந்து காய் எண்ணுகிறார் என்ற காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நாள் முழுக்க உட்கார அவரால் முடியாது. இரண்டு மணி நேரம் எண்ணினால் மறுநாள் படுக்கைதான். கிடைப்பது டீச் செலவுக்குச் சரியாக இருக்கும். ஆனாலும் நோட்டை மறைத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நோட்டுதான் நம் கண்ணில் நின்றது. யார் உழைக்க இயலாதவர், அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி நம் காலத்தில் வந்தது அல்ல. சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் திமிஷ்கு நகரத்தின் திவானில் இதே கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் எழுதியவர் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்). அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்திக் கதை தெரியும். அரசு வேலை முடிந்ததும் பைத்துல் மாலின் விளக்கை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கை ஏற்றியவர் என்று மதரஸா மேடைகளில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் என்ன எழுதினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அவர் பிறந்தது ஹிஜ்ரி 61 வாக்கில். தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான் இருபது ஆண்டுகள் போல எகிப்தின் ஆளுநராக இருந்தவர். தாய் உம்மு ஆஸிம், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமுடைய மகள். பாலில் தண்ணீர் கலக்க மறுத்த ஏழைப் பெண்ணை உமர் (ரலி) தம் மகனுக்கு மணமுடித்து வைத்த செய்தி நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. அந்தப் பெண்ணின் பேரன்தான் இவர். சிறு வயதில் தந்தையின் லாயத்தில் ஒரு குதிரை உதைத்து நெற்றியில் காயம் பட்டது. அந்தத் தழும்பு கடைசி வரை போகவில்லை. தழும்புக்காரர் என்றே அவரை அழைத்தார்கள்.

செல்வத்தில் வளர்ந்த பிள்ளை. கல்விக்காகத் தந்தை அவரை மதீனாவுக்கு அனுப்பினார். அங்கே ஸாலிஹ் பின் கைஸான் என்ற ஆசிரியரின் பொறுப்பில் இருந்தபோது ஒருநாள் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். காரணம் கேட்டபோது, தலை வாரிவிடும் பெண் முடியைச் சீர்செய்துகொண்டிருந்தாள் என்றார். ஆசிரியர் எகிப்துக்கு எழுதினார். தந்தை ஆள் அனுப்பினார். வந்தவர் வேறு பேச்சே பேசாமல் பையனின் தலையை மழித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். (இன்றைய பெற்றோருக்கு இப்படி ஒரு கடிதம் எழுத எந்த உஸ்தாதுக்குத் துணிச்சல் வரும்!)

அவருடைய இன்னோர் ஆசிரியரைப் பற்றி இங்கே அவசியம் சொல்ல வேண்டும். உபைதுல்லாஹ் பின் அப்துல்லாஹ் பின் உத்பா (ரஹ்). மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹுகளில் ஒருவர், பார்வை இழந்தவர். அவருடைய வாசலில் ஆளுநரின் மகன் காத்துக் கிடந்து பாடம் கேட்டார். உமர் பின் அப்துல் அஸீஸ் தம் வாழ்நாள் முழுவதும் அந்த ஆசிரியரின் பெயரை மரியாதையோடு சொல்லி வந்தார். பார்வையில்லாத ஒருவரின் முன்னால் மண்டியிட்டுப் படித்தவருக்கு, உடல் குறை உள்ளவர் என்றால் இரக்கத்துக்குரியவர் மட்டும்தான் என்ற எண்ணம் வந்திருக்காது என்று நாம் நினைக்கிறோம்.

ஹிஜ்ரி 87இல், அதாவது கி.பி. 706இல், கலீஃபா வலீத் அவரை மதீனாவின் ஆளுநராக்கினார். வந்ததும் பத்து ஃபகீஹுகளை அழைத்து, அவர்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். மஸ்ஜிதுந் நபவி விரிவாக்கப்பட்டது அவர் காலத்தில்தான். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இங்கே வலீதுக்கும் நீதி செய்ய வேண்டும். தொழுநோயாளிகள் மக்களிடம் கையேந்தக் கூடாது என்று அவர்களுக்கு உதவித்தொகை வைத்தவரும், நடக்க இயலாதவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் கொடுக்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான் என்று தபரீ (ரஹ்) எழுதுகிறார். நல்ல காரியத்தை ஆரம்பித்தவர் பெயரைச் சேர்த்துச் சொல்வதில் உமருக்குப் பெருமை குறைந்துவிடாது.

ஹிஜ்ரி 99 ஸஃபர் மாதம் கலீஃபா சுலைமான் தாபிக் என்ற ஊரில் இறந்தார். ரஜா பின் ஹைவா (ரஹ்) முத்திரையிட்ட உயிலைத் திறந்து படித்தபோதுதான் அடுத்த கலீஃபா யாரென்று ஊருக்குத் தெரிந்தது. உமர் அதைக் கேட்டு மகிழவில்லை, நடுங்கிப்போனார். அரண்மனைக் குதிரைகளைத் திருப்பி அனுப்பினார். தம் குடும்பத்துக்கு வந்து சேர்ந்திருந்த நிலங்களின் பத்திரங்களைக் கிழித்தார். மனைவி ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை கொடுத்த நகையா, கணவரா என்று முடிவு செய்யும் நிலை அவருக்கு வந்தபோது நகைகளைப் பைத்துல் மாலில் சேர்த்துவிட்டார்.

இனி நாம் சொல்ல வந்த விஷயம்.

ஷாம் தேசத்தின் ஊர்களுக்கெல்லாம் அவர் ஒரு கடிதம் அனுப்பியதாக இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார். பார்வை இல்லாதவர், நடக்க முடியாதவர், பக்கவாதம் வந்தவர், எழுந்து தொழக்கூட இயலாத தீராத நோயாளி ஆகியோர் யார் யார் என்று கணக்கெடுத்து அனுப்புங்கள் என்பது அதன் சாரம். பட்டியல்கள் வந்தன. பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி என்றும், தீராத நோயுள்ள இரண்டு பேருக்கு ஒரு பணியாள் என்றும் உத்தரவிட்டார். பிறகு ஆதரவற்ற அநாதைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஐந்து பேருக்கு ஒரு பணியாள் என்றார்.

இதில் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். படுக்கையில் கிடப்பவர் திமிஷ்குக்கு நடந்து வந்து மனு கொடுக்கவில்லை. அவரைக் கண்டுபிடித்து எழுதும் வேலை அதிகாரிக்கு உரியதாக இருந்தது. அய்யம்பாளையத்துக்காரர் நம்மிடம் சொன்ன இன்னொரு செய்தி: உயிரோடு இருப்பதற்குக் கைரேகை வைக்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டார்களாம். அலுவலகம் மாடியில். உறவுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அன்று இயந்திரம் அவர் ரேகையை எடுக்கவில்லை. மரம் ஏறித் தேய்ந்த விரல்கள்.

பட்டியல் எடுத்தாகிவிட்டது, எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் திமிஷ்கு திவான் அதிகாரி வருகிறார். திவான் என்பது முஸ்லிம்களுக்குரிய உதவித்தொகைப் பதிவேடு. ஹிஜ்ரி 20 வாக்கில் உமர் (ரலி) ஏற்படுத்தியது. அந்தப் பதிவேட்டில் தீராத உடல் குறை உள்ள ஒருவருக்குப் பங்கு எழுத வேண்டிய நேரம் வந்தபோது அதிகாரி மறுத்தார். இப்படிப்பட்டவருக்கு நன்மை செய்ய வேண்டியதுதான், ஆனால் உடல் நலமுள்ள ஆளுக்கு உரிய பங்கை இவருக்குத் தர முடியாது என்பது அவருடைய வாதம். இதை அந்த அதிகாரியே பின்னாளில் தம் வாயால் அறிவித்ததாக இப்னு ஸஅத் (ரஹ்) தம் தபகாத்தில் எழுதுகிறார். அவர் கெட்டவர் அல்லர். தர்மம் செய்யலாம் என்றுதான் சொன்னார். பங்கு என்ற சொல்லைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

மக்கள் கலீஃபாவிடம் முறையிட்டார்கள். இவர் எங்களை அலைக்கழிக்கிறார், கஷ்டப்படுத்துகிறார் என்றார்கள். உமரிடமிருந்து பதில் வந்தது. மிகச் சிறிய கடிதம். மக்களை அலைக்கழிக்காதே, அவர்களுக்கு நெருக்கடி தராதே, சிரமம் கொடுக்காதே, அது எனக்குப் பிடிக்காது என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. சட்ட விளக்கம் எதுவும் அதில் இல்லை.

அந்த அதிகாரியைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில் ஜகாத் பங்கிடும் கூட்டத்தில் நாமும் உட்கார்ந்திருந்தோம். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர், பக்கவாதத்தில் விழுந்த ஒருவரின் பெயர் வந்ததும் நிறுத்தினார். இவர் வெளியே போவதில்லை, பெரிதாகச் செலவும் இல்லை, அரசாங்கப் பணம் வேறு வருகிறது, பாதி போதும் என்றார். யாரும் மறுக்கவில்லை. ஆலிம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நாமும் மறுக்கவில்லை. அவருக்கு மாதம் எத்தனை மருந்து, புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் இருப்பதால் எவ்வளவு கூலி நஷ்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. திமிஷ்கு திவானில் நடந்ததுதான் அந்தக் கூட்டத்திலும் நடந்தது. முறையிடத்தான் ஆள் இல்லை.

உழைக்கும் வலு உள்ளவருக்கு ஜகாத் தரலாமா என்பதில் மத்ஹபுகளிடையே பேச்சு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், தகுந்த தொழில் செய்து சம்பாதிக்க முடிந்தவருக்கு ஏழை என்ற வகையில் பங்கு இல்லை. தேடியும் வேலை கிடைக்காவிட்டால் உண்டு. ஹனஃபி மத்ஹபில் நிஸாப் அளவு செல்வம் இல்லாதவர் உடல் வலுவுள்ளவராக இருந்தாலும் தரலாம். ஆனால் உழைக்கவே இயலாத ஏழைக்குத் தரலாமா என்பதில் இரண்டு மத்ஹபிலும் கேள்வியே இல்லை. கேள்வி எழாத இடத்தில்தான் நாம் பாதியாக வெட்டினோம்.

நம் தமிழ்நாட்டு ஏற்பாட்டையும் இந்த இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. பல குடும்பங்கள் இரண்டு உதவிகளைக் குழப்பிக்கொள்கின்றன. ஒன்று, வேலை செய்ய முடியும், வேலைதான் கிடைக்கவில்லை என்பவருக்கானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்கான உதவித்தொகை இது. மற்றவர்கள் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். மற்றவர்களுக்கு மூன்று ஆண்டு கிடைப்பது இவர்களுக்குப் பத்து ஆண்டு கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை படித்த மாற்றுத்திறனாளிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000. இன்னொன்று, உடல் நிலையால் உழைக்கவே இயலாதவருக்கானது. 75 சதவீதத்துக்கு மேல் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வரும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. வருவாய்த்துறை வழியாக வரும் ஓய்வூதியம் வேறு. ஒன்றை வாங்குபவர் மற்றதையும் சேர்த்து வாங்க முடியாது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவச் சான்றையும் தனித்துவ அடையாள அட்டையையும் முதலில் எடுத்துக் கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஒன்று சொல்கிறது. மற்றவர்களுக்கு உள்ள அதே மாதிரியான திட்டங்களில் மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டுமாம். படித்தபோது திமிஷ்கு அதிகாரிதான் நினைவுக்கு வந்தார். அவர் முழுப் பங்கே அதிகம் என்றார். சட்டம் முழுப் பங்குக்கு மேல் கால் பங்கு சேர்த்துக் கொடு என்கிறது. கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ளவருக்கு அந்தத் துணையாளுக்கான படியையும் அதே பிரிவு பேசுகிறது. இரண்டு நோயாளிக்கு ஒரு பணியாள் என்று உமர் எழுதியது அதுதானே.

மறுபடியும் உமரிடம் வருவோம். தகுதியை அளக்கும்போது எவ்வளவு கெடுபிடி காட்டலாம் என்பதற்கும் அவருடைய கடிதம் ஒன்று உண்டு. கடனில் மூழ்கியவர்களின் கடனை அடைத்துவிடுங்கள் என்று ஆளுநர்களுக்கு எழுதினார். அங்கிருந்து ஒரு சந்தேகம் வந்தது. கடன்காரர் என்று வருபவருக்கு வீடு இருக்கிறது, பணியாள் இருக்கிறார், குதிரை இருக்கிறது, வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் இருக்கின்றன, இவருக்குமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு மனிதனுக்குத் தங்க வீடும் வேலைக்கு உதவ ஆளும் ஏறிச் செல்ல வாகனமும் வீட்டுச் சாமான்களும் தேவைதான், இருந்தும் அவர் கடன்காரர்தான், அடைத்துவிடுங்கள் என்று பதில் போனது. அபூ உபைத் (ரஹ்) தம் கிதாபுல் அம்வாலில் இதை எடுத்தெழுதுகிறார். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதே, பிள்ளை கையில் போன் இருக்கிறதே என்று பைத்துல் மால் கமிட்டிகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் குதிரை நம் ஞாபகத்துக்கு வரும்.

அவர் பங்கு எழுதியது முஸ்லிம்களுக்கு மட்டும் அல்ல. பஸ்ராவின் ஆளுநர் அதீ பின் அர்தாத்துக்கு எழுதிய கடிதத்தில், உன் பகுதியில் வாழும் பிற மதத்தவரில் முதுமை வந்து வலு குறைந்து சம்பாதிக்க வழியில்லாமல் போனவர்களைப் பார், அவர்களுக்குத் தேவையானதை பைத்துல் மாலிலிருந்து கொடு என்று கட்டளையிட்டார். அதற்கு ஆதாரமாகத் தம் கொள்ளுத்தாத்தா உமர் (ரலி) செய்ததைச் சுட்டிக்காட்டினார். வாசல் வாசலாகக் கையேந்தி நின்ற முதியவர் ஒருவரை உமர் (ரலி) கண்டார்கள். அவர் பார்வை இழந்த யூதர் என்று இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) எழுதுகிறார்கள். உமர் (ரலி) அவரைத் தம் வீட்டுக்குக் கூட்டிப் போய் இருந்ததைக் கொடுத்தார்கள். இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்ற கருத்தைச் சொல்லி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் வரியை நீக்கிப் பொது நிதியிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அய்யம்பாளையத்துக் களத்தில் உட்கார்ந்திருந்தவர் முஸ்லிம் இல்லை என்பதை நாம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். குடும்பத்தார் வைத்திருந்ததைத் திரும்பப் பெற்றார். தமக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்ளவில்லை. கூஃபாவின் ஆளுநர் அப்துல் ஹமீத், எல்லோருக்கும் உரிய தொகையைக் கொடுத்த பிறகும் நிதி மிச்சமிருக்கிறது என்று எழுதினார். வீண் செலவு செய்யாமல் கடன்பட்டவரின் கடனை அடை என்று பதில் போனது. அடைத்த பிறகும் மிச்சம் என்றார். வசதியில்லாமல் திருமணம் தள்ளிப்போகிறவருக்கு மஹர் கொடு என்றார். அதற்குப் பிறகும் மிச்சம் என்றபோது, நிலத்தில் பயிர் செய்ய முதல் இல்லாத விவசாயிகளுக்குக் கடன் கொடு, ஓரிரு ஆண்டுக்கு அவர்களிடம் கேட்காதே என்று எழுதினார். அந்த விவசாயிகள் பெரும்பாலும் முஸ்லிமல்லாத குடிமக்கள்.

ஆட்சி இரண்டு ஆண்டும் ஐந்து மாதமும்தான். ஹிஜ்ரி 101 ரஜப் மாதம், கி.பி. 720இல், நாற்பது வயதை ஒட்டி, தைர் ஸிம்ஆன் என்ற இடத்தில் நோயுற்றுக் கிடந்தார். விஷம் வைக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். விஷம் கொடுத்த பணியாளைக் கூப்பிட்டு, அதற்காக வாங்கிய ஆயிரம் தீனாரைக் கொண்டுவரச் செய்து பைத்துல் மாலில் சேர்த்தார். யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்விடு என்று அவனை அனுப்பிவிட்டார் என்கிறது அந்தச் செய்தி.

மனைவியின் சகோதரர் மஸ்லமா பார்க்க வந்தார். கலீஃபாவின் சட்டை அழுக்காக இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்க வருகிறார்களே, துவைத்துப் போடக் கூடாதா என்று ஃபாத்திமாவிடம் கேட்டார். மறுநாளும் அதே சட்டை. கோபித்துக்கொண்டார். மாற்றிப் போட வேறு சட்டை இல்லை என்று ஃபாத்திமா சொன்னார்.

அடக்கம் செய்யும் இடத்தையும் அவர் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நிலம் கிறிஸ்தவர் ஒருவருடையது. விலை வேண்டாம் என்று அவர் மன்றாடியும், பேசி, விலையைக் கொடுத்த பிறகே உமர் ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த யஸீத் பின் அப்துல் மலிக் அவருடைய பல ஏற்பாடுகளை மாற்றிவிட்டார்.